ஊழியர் பயிற்சியால் என்ன லாபம்? கோபி பட்டுக்கூடு சொல்லும் கணக்கு

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாச்சு. பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1959-ல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 4 படிகள் சொன்னார்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா? கடைசிப் படிதான் கஷ்டம்.

கோபிசெட்டிபாளையம் பட்டு நூற்பாலையில் அதை எடை போட்டே பார்க்கலாம். 1 கிலோ பட்டு நூலுக்கு எத்தனை கிலோ கூடு செலவாகிறது என்பதே 'ரெண்டிட்டா'.

உதாரணமாக, பயிற்சிக்குப் பின் அது 7-லிருந்து 6.5 ஆகக் குறைகிறது. கூடு கிலோ ரூ.600 என்று வைத்துக்கொள்வோம். கிலோ நூலுக்கு ரூ.300 மிச்சம். பயிற்சிக்கு ரூ.30,000 செலவென்றால், 100 கிலோ நூல் எடுத்தாலே போட்ட பணம் வந்துவிடும்.

ஆனால், கூடு தரமாக இருந்தாலும் ரெண்டிட்டா குறையும். அதனால் ஒரே லாட் கூட்டைப் பயிற்சி பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் கொடுத்து ஒப்பிட வேண்டும். அந்த வித்தியாசம்தான் பயிற்சியின் மதிப்பு. இந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால், தொழில் மந்தமாகும்போது முதலில் வெட்டப்படுவது பயிற்சிச் செலவுதான்.