சுவர் யாருக்கு? கதவு யாருக்கு?

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், டீக்கடை பெஞ்சில் பேசப்படாத விஷயமே கிடையாது. சென்ற வாரம் அங்கே நம்மைப் பிடித்துக்கொண்ட தோழர் ஒருவர், கையிலிருந்த செல்போனை நீட்டினார். அதிலே ஒரு கார். வெள்ளை நிறம். ஜப்பான் தயாரிப்பு. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு.

"மச்சான் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், அவன் அனுப்பினது அண்ணே. ஒன்பது வருஷத்து வண்டியாம். அடுத்த வருஷம் இதை உடைக்கப் போட்டுவிடுவார்களாம்! நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன? கப்பல் கூலி கொடுத்தாலும் லாபம்தானே?" என்றார்.

நியாயமான கேள்வி. ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான கார்களுக்குக் கதவு பொருத்துகிற கை அவருடையது. அந்தக் கைக்கு, ஒரு காரின் கதவைத் திறந்து தன் மனைவி மக்களை உட்கார வைத்துக் காஞ்சிபுரம் வரை போய்வர வேண்டும் என்று ஆசை இருக்கக் கூடாதா? பஸ் வந்துவிட்டது, பதிலைச் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே சொல்கிறோம். அவருக்கு மட்டுமல்ல, அந்தச் சாலையில் பஸ் ஏறும் அத்தனை தோழர்களுக்கும்.

மச்சான் சொன்னது மெய்தான். சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ள உரிமைச் சீட்டு வேண்டும். 1990-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். பத்து முடிந்தால், மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உடைக்கப் போட வேண்டும், அல்லது வேறு நாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஜப்பானிலோ இன்னொரு விதம். புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டில் அரசுப் பரிசோதனை. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கணிசமான செலவு. அந்தச் செலவுக்கு அஞ்சி, ஓடுகிற வண்டியையே விற்றுவிடுகிறார்கள். அப்படித் தள்ளப்படும் வண்டிகள் கப்பல் கப்பலாக இலங்கைக்கும் கென்யாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகின்றன.

இந்தியாவுக்கு? இங்கேதான் சுவர் நிற்கிறது.

சுவரின் உயரம்

பழைய கார் உள்ளே வரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் எப்படிப்பட்ட பழைய கார்? உற்பத்தியாகி மூன்று ஆண்டுக்கு மேற்படாத கார். மச்சானின் வண்டிக்கோ வயது ஒன்பது. முதல் படியிலேயே அது விழுந்துவிட்டது. அம்மட்டோ? ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே துபாய்த் தம்பியும் அனுப்ப முடியாது, அங்கே எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங். வேகம் காட்டும் முள் கிலோமீட்டரில் ஓட வேண்டும். முன்விளக்கின் ஒளி நம் சாலைக்கேற்ப விழ வேண்டும். ஏற்றுமுன் ஒரு சான்றிதழ், இறக்கியபின் இங்கே ஒரு சோதனை. இறங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு ஓடும் தகுதி இருக்க வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள்: அந்த வண்டி மும்பைத் துறைமுகத்தில் மட்டுமே இறங்கலாம்! எண்ணூரிலும் சென்னையிலும் நம் கையால் செய்த கார்கள் ஆயிரமாயிரமாகக் கப்பல் ஏறுகின்றன. பழைய கார் ஒன்று இறங்க வேண்டுமென்றால் மட்டும் நாட்டின் மறு கரைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் தாண்டினால் சுங்கவரி. அது காரின் மதிப்பைவிட அதிகம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பிறகு பதிவுக் கட்டணம், சாலை வரி, இன்ஷூரன்ஸ். இரண்டு லட்ச ரூபாய்க் கார் வாசலுக்கு வரும்போது புதுக்காரின் விலையை எட்டிப் பிடித்திருக்கும்.

வந்த பிறகு ஓட்ட வேண்டுமே! இந்தியாவில் விற்காத மாடலுக்கு ஒரு கண்ணாடி உடைந்தால், ஒரு சென்சார் போனால், சாமான் மறுபடி கடல் கடந்துதான் வர வேண்டும். வாலாஜாபாத் சாலை மெக்கானிக் கெட்டிக்காரர்தான். ஆனால் ஜப்பானிய எழுத்தில் அறிவிப்புக் காட்டும் திரையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் வண்டியானால், அதன் பெரிய பேட்டரி தளர்ந்த அன்று காரின் பாதி விலை கையைவிட்டுப் போகும்.

ஆகவே தோழருக்கு நம் பதில்: ஆசையை விடவேண்டாம், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

சுவர் ஏன் எழுந்தது?

சுவரை நாம் பழிக்கவில்லை. அதன் வரலாறு நமக்குத் தெரியும்.

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வரும்; இங்கே முடுக்குவார்கள். அந்நாளில் போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதே வேலையைத்தான் செய்தன. "முடுக்குவது போதாது, இங்கேயே செய்யுங்கள், இல்லாவிட்டால் புறப்படுங்கள்" என்று 1950களின் தொடக்கத்தில் அரசு சொல்லிற்று. அவ்விரண்டும் புறப்பட்டன. எண்ணூரில் இருந்தவர்கள் லாரி செய்யக் கற்றார்கள்; 1955-இல் அசோக் லேலண்ட் பிறந்தது. உலகச் சந்தை இதைத் தானாகக் கொடுத்துவிடவில்லை. கதவைச் சாத்தினதால் கிடைத்தது.

பின்னர் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா வழக்காடி வென்றது. 2001 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் எடுபட வேண்டிய நிலை. ஜப்பானின் பழைய கார்கள் வெள்ளமாய் வந்து புதிய தொழிற்சாலைகளை மூழ்கடிக்கும் என்ற அச்சம் எழுந்தது. அப்போது எழுப்பியதுதான் மேலே சொன்ன மூன்றாண்டுச் சுவர், மும்பைச் சுவர், வரிச் சுவர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் முதல் சான்ட்ரோவை வெளியிட்டு மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

சுவர் இல்லாத நாடு எப்படியிருக்கும்? பாக் ஜலசந்திக்கு அக்கரையில் பாருங்கள். இலங்கையில் சொல்லிக்கொள்ளும்படியான கார்த் தொழில் இல்லை. ஜப்பான் தள்ளிய வண்டிதான் அங்கே நடுத்தரக் குடும்பத்தின் கார். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதிக்குப் பூட்டு. விளைவு? ஐந்து வருஷம் ஓட்டிய காரை வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள்! அதற்கும் முந்தி, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் தடுக்கப்பட்டபோது நம் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஆஸ்டின் ஏ40-ஐயும் மோரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். கிளம்பிய பின் மண்ணெண்ணெய். அந்த மெக்கானிக்குகளின் மூளைக்கு ஒரு வணக்கம்! ஆனால் அந்த மூளைக்கு ஒரு தொழிற்சாலை வாய்க்கவில்லையே என்ற வருத்தமும் நமக்கு உண்டு.

ஆகையால் சுவர் இருக்கட்டும். நம் கேள்வி வேறு.

சுவரில் ஓட்டை, சுவருக்குள்ளே?

பாட்டாளி தலையை முட்டிக்கொள்ளும் சுவரில் பணக்காரனுக்குக் கதவு இருக்கிறது. வரியைக் கட்டிவிட்டு வருகிறவன் வரட்டும், அது சட்டம். கட்டாமல் வரும் வழியும் இருக்கிறதாமே! 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை பெரிய சோதனை நடத்தியது. 'நும்கோர்' என்று அதற்குப் பெயர். பூடான் மொழியில் வண்டி என்று பொருள். பூடானில் கழித்த பழைய வண்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, போலிக் காகிதத்தில் பதிவு செய்து, பெரும்புள்ளிகளுக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. திரை நட்சத்திரங்களின் வீட்டு வாசல்வரை அதிகாரிகள் போனார்கள்.

தோழர்கள் இதில் ஒரு பாடம் படிக்க வேண்டும். "பாரின் வண்டி, சல்லிசு விலை" என்று எவனாவது வந்தால், சுங்கத்தில் தாக்கல் செய்த 'பில் ஆப் என்ட்ரி'யையும் வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். சேசிஸ் எண்ணை வண்டியில் பார்த்து, காகிதத்தோடு ஒப்பிடுங்கள். முதலில் எந்த மாநிலத்தில், யார் பெயரில் பதிவாயிற்று என்று விசாரியுங்கள். வரி ஏய்த்த வண்டி பத்துக் கை மாறினாலும் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். கொண்டுவந்தவன் தப்பிவிடுவான், கடைசியாகக் காசு கொடுத்தவன் தெருவில் நிற்பான்.

இது ஓட்டையின் கதை. சுவருக்கு உள்ளே என்ன நடக்கிறது?

"நாட்டுத் தொழிலைக் காப்போம், நம் தொழிலாளியின் வேலையைக் காப்போம்" என்று சொல்லித்தானே சுவர் கட்டினார்கள்? கம்பெனி காக்கப்பட்டது. தொழிலாளி காக்கப்பட்டானா?

மறைமலைநகரில் போர்டு கம்பெனியும் இதே சுவருக்குள்தான் தொழில் நடத்திற்று. 2021 செப்டம்பரில் கதவடைப்பை அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் காரும் வெளியேறிற்று. வேலை இழந்தவனை எந்தச் சுவர் தாங்கிற்று? மறுபடி திறப்போம் என்று பிறகு அறிவித்திருக்கிறார்கள். போன வயது திரும்புமா?

2024 அக்டோபரில் ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. சுமார் 27,870 கோடி ரூபாய் திரண்டது. அது தாய்க் கம்பெனி தன் பங்கை விற்ற பணம். போய்ச் சேர்ந்ததும் தாய்க் கம்பெனிக்கே. சட்டப்படி சரிதான். அந்த மதிப்பு உண்டானதில், இருபத்தைந்து ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஸ்பேனர் பிடித்தவன் பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

2021 மே மாதம், கொரோனா கொன்று குவித்த வேளையில், ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர்கள் "எங்களுக்கு இடைவெளி விட்டு நிற்க இடம் கொடுங்கள்" என்று உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. கார்க் கம்பெனி அல்ல, ஆனாலும் அதே வட்டாரத்தில் இருக்கும் சாம்சங்கில், சங்கம் வைக்கும் உரிமைக்காக 2024-இல் 37 நாள் வெளியே நின்றார்கள். 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்த நாடு இது! அந்தச் சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.

பத்துக்குப் பத்து அறையில் நாலு பேராகத் தங்கி, 'டிரெய்னி', 'காண்டிராக்ட்' என்ற பெயர்களில் ஆண்டைக் கழிக்கும் நெல்லைப் பையனையும் தருமபுரிப் பையனையும் நமக்குத் தெரியும். அவன் செய்யும் வேலை நிரந்தரம்; லைன் நிற்பதே இல்லை. அவன் மட்டும் தற்காலிகம். இது என்ன நீதி?

நாம் கேட்பது இதுதான். சுவரின் நிழலில் லாபம் பார்க்கும் கம்பெனி, அந்த நிழலைத் தொழிலாளிக்கும் விட வேண்டும். நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி. சங்கம் வைத்தால் கைகுலுக்கல், கதவடைப்பு அல்ல. புறப்படுகிற கம்பெனி, பெற்ற சலுகைக்குக் கணக்குக் காட்டிவிட்டுப் புறப்பட வேண்டும். இவற்றை நிபந்தனையாக்க அரசுக்குத் தெரியாதா? பழைய காரின் முன்விளக்கு எந்தப் பக்கம் ஒளி வீச வேண்டும் என்பது வரை எழுதத் தெரிந்த கைக்கு, இதை எழுதவா மை தீர்ந்துவிட்டது?

நேற்று அதே பெஞ்சில் அந்தத் தோழரை மறுபடி பார்த்தோம். சிங்கப்பூர்க் காரை மறந்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பழைய சான்ட்ரோவைப் பார்த்து வைத்திருக்கிறாராம். "இருங்காட்டுக்கோட்டையில் எங்க மாமா லைனில் இருந்த காலத்து வண்டி அண்ணே. அவர் கை பட்டதாகக்கூட இருக்கும்" என்று சிரித்தார்.

செய்த கைக்கே, கடைசியில், இரண்டாம் கையாகத்தான் கார் வருகிறது. வரட்டும், வாழ்த்துகிறோம்! அவர் பிள்ளை காலத்திலாவது அது முதல் கையாக வரவேண்டும். அதற்குத்தான் சங்கம்.