மொய் நோட்டும் கடல் கடந்த கணக்கும்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கத்து ஊர்களில் மொய் விருந்துகள் தொடங்கிவிடும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. பலர் கூடி ஒரே பந்தலில் விருந்து வைப்பதும், ஆட்டுக்கறிச் சோறு பரிமாறுவதும், எழுதுவோர் மேசைதோறும் நோட்டைத் திறந்துவைத்து அமர்ந்திருப்பதும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. அந்நோட்டில் ஏறும் ஒவ்வொரு தொகையும் வட்டியில்லாக் கடன். கொடுத்தவர் விருந்து வைக்கும் நாளில், வாங்கியவர் கூடவே சிறிது சேர்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். தவறினால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது.

முன்னெல்லாம் இப்பணம் ஆழ்குழாய்க் கிணறாகவும் நிலமாகவும் மாறியது. இப்போது அது விமானச் சீட்டாகவும் மாறுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையும் அதுதான். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த தந்தை, மொய்ப் பணத்தையும் வங்கிக் கடனையும் தாயின் நகைகளையும் ஒன்றுசேர்த்து, 2024-ஆம் ஆண்டு இறுதியில் மகனை ஜெர்மனிக்கு மேற்படிப்புக்காக அனுப்பிவைத்தார். புறப்படும் முன் ஆசி பெற வந்தபோது, "பணம் சேர்ந்துவிட்டது சாமி, இனிப் பயமில்லை" என்றார். நாமும் அவ்வாறே நம்பினோம். அவர்களுடைய இசைவோடு, பெயரையும் ஊரையும் விடுத்து, பின்னர் நடந்ததை எழுதுகிறோம்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் போன்ற சில இடங்களில் மட்டும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் செலுத்தவேண்டும். இச்செய்தி நம் பெற்றோரிடையே "அங்கே படிப்பு இலவசம்" என்று சுருங்கிவிட்டது. படிப்பு இலவசமாயினும் சோறும் கூரையும் இலவசமல்ல. ஆதலின் அந்நாட்டு அரசு, விசா வழங்கும் முன்னரே ஓராண்டுப் பிழைப்புக்கான தொகையை மாணவன் பெயரில் ஒரு முடக்கக் கணக்கில் செலுத்தச் சொல்கிறது. 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 12 இலட்சம். பணம் மாணவனுடையதே, எனினும் மாதம் 992 யூரோவுக்குமேல் எடுக்கவியலாது.

992 யூரோ என்றதும் தந்தையர் மனம் அதை நூறால் பெருக்கி, "மாதம் ஒரு இலட்சமா!" என்று மலைக்கிறது. மாணவனுக்கோ முதல் மாதத்திலேயே அது போதாமற் போகிறது. வாடகை முன்பணமாகவே மூன்று மாத வாடகை வரை கேட்பர். அந்நாட்டார் குளிர் வாடகை, சூடு வாடகை என்று இரண்டு சொல்லுவர். விளம்பரத்தில் காணும் குளிர் வாடகை வெறும் அறைக்கு மட்டுமே. கணப்பு, தண்ணீர் முதலியவை சேர்ந்த சூடு வாடகையே நாம் கொடுக்கவேண்டியது. சிலவிடங்களில் மின்கட்டணம் அதற்கும் மேல். போதாததற்கு, முகவரியைப் பதிவுசெய்து, அங்கே வங்கிக் கணக்குத் தொடங்கிய பின்னரே முடக்கக் கணக்கின் பணம் கைக்கு வரத் தொடங்கும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஆதலின் முதல் இரண்டு மாதச் செலவையும் முன்பணத்தையும் 11,904-க்கு வெளியே தனியாக வைத்திருத்தல் வேண்டும். இதை நம் மாணவனுக்குச் சொல்வாரில்லை. அவன் நண்பர்களிடம் கைமாற்று வாங்கினான்.

2025 சித்திரையில் தந்தை இனிப்போடு வந்தார். மகன் மாதந்தோறும் இருபதாயிரம் ரூபாய் அனுப்புகிறானாம்! தாய் மட்டும், "படத்திலே பார்த்தா கன்னம் ஒட்டியிருக்கு சாமி" என்றார். அன்றிரவே நாம் அவனை அழைத்து, சென்ற மாதக் கணக்கை எழுதி அனுப்பு என்றோம். இருநாள் கழித்துத் தாளொன்றின் படம் வந்தது. வாடகை 410. மருத்துவக் காப்பீடு 145. வீட்டுக்கு அனுப்பியது 200. நண்பருக்குத் திருப்பியது 60. கைபேசித் தவணை 50. பருவக் கட்டணத்துக்கு ஒதுக்கியதும் பிறவும் 66. கடைசி வரியில், உணவு 61.

ஒரு நாளைக்கு இரண்டு யூரோ! ஒருவேளை சோறும், மற்றவேளை ரொட்டித் துண்டும். அந்த 200 யூரோ அவன் உழைத்து ஈட்டியதன்று. முடக்கக் கணக்கிலிருந்து, தந்தை கடன் வாங்கிப் போட்ட பணத்திலிருந்தே எடுத்துத் தந்தைக்கு அனுப்பியிருக்கிறான். ஏனென்று கேட்டோம். "உடன் வந்தவர்கள் அனுப்புகிறார்கள் சாமி, அப்பாவுக்கு மொய் திருப்ப வேண்டுமே" என்றான். நாம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள வேண்டுமெனில், முதல் தொகையைப் பெற்றுக்கொண்டு எங்கிருந்து வந்தது என்று கேளாத நம்மையே கடிந்துகொள்ளல் வேண்டும்.

இந்நிலை புதிதன்று. நம் அண்டை மாவட்டத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுன் அவர்தம் குடும்பத்துக்கென முதலிலேயே ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுன் அளித்தது. அவருக்குக் குறையாயிருந்தது பணமன்று, உணவே. மரக்கறி மட்டுமே உண்பவர், தாமே சமைத்துக்கொள்பவர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூண்ட போர் பண்டங்களை அரிதாக்கியது. கணக்கில் மூழ்கினால் சமைப்பதையும் மறந்துவிடுவார். 1917-இல் நோயுற்றார். அந்நோய் யாதென்பதில் மருத்துவர் கருத்து இன்றும் பலவாயினும், முறையற்ற உணவு அவரைத் தளர்த்தியது என்பதை அவர் வரலாற்றை எழுதியோர் மறுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் அவர் மறைந்தார்.

குடும்பத்தின் பங்கு அவருடைய தட்டிலிருந்து எடுக்கப்படவில்லை, திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நம் பெற்றோர் உற்றுநோக்க வேண்டும். பிறிதொன்றும் உண்டு. 1919 சனவரியில், பல்கலைக்கழகம் தமக்கு மேலும் அளிக்க முன்வந்த தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு 50 பவுன் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அனாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் பயன்படுத்தலாம் என்றும் அவர் எழுதினார். தம் வரவு செலவைத் தெளிவாய் அறிந்தவரே இவ்வாறு எழுதவியலும். நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் 1925-இல் அரசின் உதவியோடுதான் மேற்படிப்புக்கு லண்டன் சென்றார். அவர்களுக்குப் பின்னே அரசும் பல்கலைக்கழகமும் நின்றன. நம் பிள்ளைகளுக்குப் பின்னே மொய் நோட்டு நிற்கிறது.

1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் பயின்ற காந்தியடிகள், வண்டிக் கூலி, அஞ்சல் தலை ஈறாக ஒவ்வொரு காசையும் எழுதி, உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்தார். அறையை மாற்றி, வண்டியில் ஏறாது நடந்து, செலவைக் குறைத்தார். அவர் பெரிதும் குறைத்தது வாடகையும் போக்குவரத்தும் என்பதைக் கவனியுங்கள். ஓட்ஸ் கஞ்சியாயினும் காலை உணவைத் தம் அறையில் தாமே சமைத்தார்.

நம் மாணவனின் கணக்கைத் திருத்தியதும் இம்முறையிலேதான். வீட்டுக்கு அனுப்பும் 200 உடனே நின்றது. தந்தைக்கு இதைச் சொல்லும் பொறுப்பை நாம் ஏற்றோம், எளிதாயிருக்கவில்லை. மூவர் சேர்ந்து சமைப்பது என்றாயிற்று. அரிசி, பருப்பு, முட்டை, முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஆகியவை அங்கே மலிவானவை. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்குமாதலால் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மறந்தவன் நிலையத்துக் கடையில் கூடுதல் விலை கொடுப்பான். நண்பகலில் பல்கலைக்கழக உணவகத்தில் மாணவர் விலையில் சூடான சாப்பாடு கிடைக்கிறது. பானப் புட்டிகளுக்கு 25 சென்ட் பிணைத்தொகை உண்டு. அதைத் திருப்பிக்கொடுத்துப் பெற வெட்கப்படுவாரில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் உண்டு. உடன் குடியிருப்போர் பகிர்ந்துகொள்ளலாம். கட்டாது விட்டவர்க்குப் பின்னர் மொத்தமாய் வரும் ஓலை மிகக் கசப்பானது.

வேலை பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். 2024 மார்ச்சு முதல் ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வரை அனுமதி உண்டு. 2026 சனவரி முதல் குறைந்த அளவுக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆனால் ஊர்மொழி தெரியாதவனுக்கு முதற் பருவத்தில் வேலை கிட்டுவது அரிது. வரம்பு மீறி உழைத்தால் விசாவுக்கே இடர் வரலாம். எனவே முதல் ஆறு மாதத்துக்கு வேலை வருமானத்தைச் சுழியம் என்றே வைத்துக் கணக்கிடுதல் நலம். எதிர்பாரா நெருக்கடி வரின், பல்கலைக்கழக நகரங்களில் உள்ள கத்தோலிக்க மாணவர் குழுமங்களிடமும், மாணவர் சேவை நிறுவனத்தின் ஆலோசகரிடமும் தயங்காது செல்லலாம். வெளிநாட்டு மாணவர்க்கு அவசர உதவி வழங்குவன அக்குழுமங்களுட் பல.

ஊரைத் தேர்வதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். மியூனிக்கில் ஓர் அறை 992-இன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் அவ்வாறில்லை. மாணவர் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளமானது.

வங்கிக் கடனைப் பற்றித் தந்தை ஒன்று கேட்டார்: "படிக்கிறவரைக்கும் கட்ட வேண்டாமாமே?" பெரும்பாலான வங்கிகள் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை கேட்பதில்லை என்பது மெய்தான். வட்டியோ உறங்குவதில்லை. அவர் இப்போது மாதந்தோறும் வட்டியை மட்டுமாவது தேங்காய்ப் பணத்திலிருந்து கட்டிவருகிறார். புயலுக்குப் பின் நட்ட கன்றுகள் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன.

அவர் வீட்டுக்குச் சென்றமுறை போயிருந்தோம். மொய் நோட்டின் பின்பக்கத்தில் புதிய பகுதியொன்று தொடங்கியிருந்தார். மாதந்தோறும் மகன் சொல்லும் செலவை அவரே தம் கையால் எழுதிவருகிறார். அண்மை மாதத்து உணவு வரியில் 172 என்றிருந்தது. "இவ்வளவா?" என்று பக்கத்து வீட்டார் வியந்தபோது, தாயார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்லுங்க. போன வாரம் மீன் வாங்கவே இல்லையாம்."