மாட்டுக்குக் காய்ச்சலா? உண்ணியைத் தேடுங்கள்

நேற்றுவரை நன்றாகக் கறந்த ஜெர்சி கலப்பினப் பசு இன்று தீவனத்தைத் தொடவில்லை. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. அசை போடுவதும் நின்றுவிட்டது. இந்த நிலையில் காய்ச்சலைத் தணிக்கும் ஊசி மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. மாட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 104-ஐத் தாண்டி, உடம்பில் உண்ணியும் தென்பட்டால், உண்ணி பரப்பும் ரத்த நோய்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். நாட்டு மாடுகள் இவற்றை ஓரளவு தாங்கும். கலப்பின மாடுகள் சில நாட்களிலேயே இறந்துபோகக்கூடும்.

மூன்று நோய்கள், மூன்று அடையாளங்கள்

தைலேரியோசிஸ்: கிருமி முதலில் வெள்ளணுக்களிலும், பிறகு சிவப்பணுக்களிலும் பெருகும். கடும் காய்ச்சலோடு, தோள்பட்டைக்கு முன்புறம் தோலுக்கடியில் உள்ள நிணநீர்க் கட்டி வீங்கும். கையால் தடவினாலே தெரியும்.

பேபிசியோசிஸ்: கிருமி சிவப்பணுக்களை உடைப்பதால் அவற்றின் நிறம் சிறுநீரில் இறங்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

அனாபிளாஸ்மோசிஸ்: இது சிவப்பணுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. ஈறும் கண்ணின் உள்சவ்வும் முதலில் வெளுத்து, பிறகு மஞ்சளாகும். சிறுநீர் சிவக்காது. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போட்டாலும் இது பரவும்.

மருந்துக்கு முன் ரத்தச் சோதனை

மேலே சொன்ன அடையாளங்கள் எல்லா மாட்டிலும் தெளிவாகத் தெரியாது. மருந்துகளோ வேறு வேறு. தைலேரியோசிஸுக்கு புபார்வாகோன், பேபிசியோசிஸுக்கு டைமினசின், அனாபிளாஸ்மோசிஸுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்குப் போட்டால் பணத்தோடு மாட்டைக் காப்பாற்றும் நேரமும் வீணாகும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் கிருமி தெரிந்துவிடும். ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சைக் காலத்துப் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணி ஒழிந்தால்தான் நோய் ஒழியும்

1893-இல் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், டெக்சாஸ் காய்ச்சல் எனப்பட்ட பேபிசியோசிஸை உண்ணியே பரப்புகிறது என்று நிறுவினார்கள். அந்த உண்ணி ரத்தம் குடித்துத் தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தாயிடமிருந்த கிருமி முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் போகும். தைலேரியாவைப் பரப்பும் உண்ணியோ கொட்டகையின் சுவர் விரிசல்களில் ஒளிந்திருந்து, மாட்டின் மேல் ஏறும்.

ஆகவே மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது. விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். சாணத்தையும் குப்பையையும் தேங்கவிடாதீர்கள். மாட்டுக்கு அடிக்கும் மருந்தைச் சொன்ன அளவில் கலந்து, காதுமடல், தொடையிடுக்கு, மடியின் பின்புறம், வால் அடி ஆகிய இடங்களில் தவறாமல் படும்படி அடியுங்கள். குஞ்சுகள் மறுபடி ஏறும் என்பதால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும் அடிக்க வேண்டும். புதிதாக வாங்கிய மாட்டை உண்ணி நீக்கிய பிறகே மற்றவற்றோடு கட்டுங்கள். நோயிலிருந்து தேறிய மாட்டின் ரத்தத்திலும் கிருமி தங்கியிருக்கலாம். அதைக் கடித்த உண்ணி அடுத்த மாட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

உண்ணியை வெறும் விரலால் நசுக்காதீர்கள். சில வகை உண்ணிகள் மனிதருக்குக் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பரப்பும். 2011-இல் குஜராத்தில் அந்நோய் உயிர்களைப் பறித்திருக்கிறது. கையுறை போட்டுப் பிடுங்கித் தீயில் இடுங்கள்.

தைலேரியோசிஸுக்குத் தடுப்பூசி உண்டு. கலப்பினக் கன்று வளர்ப்பவர்கள் அதுபற்றி மருத்துவரிடம் விசாரியுங்கள். காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 1962-ஐ அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். சிவப்பணுக்கள் பெருமளவு அழிவதற்குள் சரியான மருந்து கிடைத்த மாடு பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம்.