பழைய விசைப்பலகையைப் பழுதுபார்ப்பது எதற்காக?

கணினியோடு வரும் பொருள்களில் விசைப்பலகையைத்தான் நாம் மிக மலிவாக மதிக்கிறோம். ஒரே ஒரு விசை ஒட்டிக்கொண்டால்கூட அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, முப்பது நாற்பது வெள்ளிக்குப் புதியது வாங்கிவிடுகிறோம். இன்றைய மலிவுப் பலகைகளுக்கு இந்த வழக்கம் ஓரளவு பொருந்தும். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த இயந்திர விசைப்பலகைகளுக்குப் பொருந்தாது. அவை அரும்பொருள்கள், சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அவற்றில் எந்தக் கோளாறு வந்தாலும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்துவிடலாம். அவற்றைக் காப்பாற்ற அந்த ஒரு காரணமே போதும். பினாங்குக்காரர்களுக்கு இன்னும் சில காரணங்கள் உண்டு.

1960களின் இறுதியில் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியைப் பினாங்கின் ஜார்ஜ்டவுன் இழந்தது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. 1969இல் முதலமைச்சரான லிம் சொங் இயூவின் அரசு, அந்த இழப்பை ஈடுகட்டப் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டையை உருவாக்கியது. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கேதான் திறந்தது. சில்லுகளை உறையிலிட்டு, சோதித்து, உலகெங்கும் அனுப்புவது அதன் வேலை. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரின் விசைப்பலகைக்குள் இன்டெல் 8048 வகைச் சில்லு இருந்தது. எந்த விசை அழுத்தப்பட்டது என்று கவனித்துக் கணினிக்குச் சொல்வது அதுதான். அந்தக் காலத்து இன்டெல் சில்லுகள் பலவற்றின் முதுகில் ‘மலேசியா’ என்ற பெயர் அச்சாகியிருக்கும். பழைய பலகையைத் திறக்கும் பினாங்கு இளைஞருக்குத் தம் பாட்டி தலைமுறையின் உழைப்பே கண்ணில் படலாம்.

பழுதுபார்க்க முடியும் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு அவற்றின் கட்டுமானமே சான்று. மலிவுப் பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் சிறு சிறு ரப்பர் குமிழ்கள் இருக்கும். குமிழ் தளர்ந்தால் விசை செத்துவிடும். அதே அச்சில் வார்த்த மாற்றுக் குமிழ் கடையில் கிடைக்காது. இயந்திரப் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்சும் தனிச் சுருள்வில்லும் உண்டு. ஜெர்மனியில் தயாரான செர்ரி எம்எக்ஸ் வகையில் ஒரு சுவிட்ச் பழுதானால், ஈயப் பற்றை உருக்கி அதை மட்டும் கழற்றி, வேறொன்றை வைத்துவிடலாம். 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் பலகையில் விசையை அழுத்தும்போது சுருள்வில் ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடிந்து, அடியிலுள்ள சிறு சுத்தியலைச் சாய்க்கும். விரலுக்குத் தெரியும் அந்த உதறலும் காதுக்குக் கேட்கும் ‘டக்’ ஒலியும் அதனால் வருபவை. அதன் மூடியைக் கழற்ற நான்கு அறுகோணத் தலைத் திருகாணிகளை 5.5 மில்லிமீட்டர் குழல் திருப்புளியால் திருகினால் போதும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மாடல் எம்மின் உள்ளே இரும்புத் தகட்டையும் மேல்சட்டத்தையும் பிணைப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள். காலப்போக்கில் அவற்றின் தலைகள் உடைந்து உதிரும். தகடு தளர்ந்து விசைகள் மந்தமாகும். உடைந்த தலைகளைச் செதுக்கி எடுத்து, அந்த இடங்களில் மெல்லிய துளையிட்டுச் சிறு திருகாணியும் நட்டும் போடுவதே இதற்குத் தெரிந்த வைத்தியம். அதற்கு முந்தைய மாடல் எஃப் பலகையில் உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு பொடியாகிவிடும். புதிதாக வெட்டி வைக்க வேண்டும். ஜப்பானின் ஆல்ப்ஸ் சுவிட்சுகளுக்குத் தூசிதான் எதிரி. பினாங்கில் இவற்றோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பும் ஈரமும் கலந்த காற்று இரும்புத் தகட்டைத் துருவாக்கும், மின்தொடுமுனைகளில் படலம் படியவைக்கும். ஆகவே இங்கே வேலையின் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான். விசைமூடிகளைப் பிடுங்கி, வெந்நீர் தவிர்த்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். தகட்டின் துருவைத் தேய்த்தெடுத்துப் பூச்சுப் பூச வேண்டும். மறுபடி மாட்டுவதற்கு முன், மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உலரவிட வேண்டும். ஈரத்தோடு மின்சாரம் கொடுத்து நல்ல பலகையையும் கெடுத்துக்கொள்வது அவசரக்காரர்களின் வேலை.

எதுவரை சீராக்குவது என்பதில் ஓர் எல்லை வேண்டும். பழைய பிளாஸ்டிக் மஞ்சளாவது பலருக்குப் பிடிப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்கிறார்கள். சீராகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரலாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் இதற்கு நல்ல பாடம். பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது. பளபளப்புக்காக சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரே நொறுங்கும். பலகைக்கும் முதலில் வேலை செய்ய வைப்பது, அடுத்துத் துருவையும் அழுக்கையும் தடுப்பது என்ற வரிசையே சரி. மஞ்சள் நிறம் தட்டச்சுக்கு இடையூறு செய்வதில்லை.

“சரி, இன்றைய கணினியில் இது வேலை செய்யுமா, தமிழ் அடிக்க முடியுமா?” என்ற கேள்வி நியாயமானது. பழைய வட்டச் செருகிகள் யுஎஸ்பியோடு நேராக ஒத்துப்போகாது. முதல் பர்சனல் கம்ப்யூட்டரின் பலகையும் பின்னால் வந்தவையும் பேசும் மின்மொழிகூட வேறுவேறு. இடையில் ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஏற்றினால் சிக்கல் தீர்கிறது. விண்டோஸ் விசை இல்லாத பலகையில் வேறொரு விசைக்கு அந்த வேலையைக் கொடுக்கவும் அதிலேயே வழி உண்டு. தமிழுக்குத் தனிப் பலகையே வேண்டாம். விசைப்பலகை அனுப்புவது எந்த இடத்து விசை என்ற குறியீட்டை மட்டுமே. அது தமிழ் ‘அ’வா ஆங்கில ‘ஏ’யா என்று முடிவு செய்வது கணினி. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் வந்த நாளிலிருந்து, எந்த ஆங்கிலப் பலகையும் தமிழ்ப் பலகைதான்.

செலவுக் கணக்கைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. புதியது வாங்கும் காசைவிடப் பழையதைச் சரிசெய்யும் நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்பார்கள். ஒரு பலகையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மையே. சத்தம் அலுவலகத்துக்கு ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் மலிவுப் பலகையின் விலையில் அது குப்பையான பிறகு ஆகும் செலவு சேர்வதில்லை. ஐ.நா. கணக்குப்படி 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது; அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. குப்பை எங்கே போய்ச் சேரும் என்பதும் பினாங்குக்குத் தெரியும். சட்டவிரோதமாக வந்த பிளாஸ்டிக் கழிவுக் கொள்கலன்கள் 150ஐ அனுப்பிய நாடுகளுக்கே திருப்பியதாக 2020 ஜனவரியில் மலேசிய அரசு அறிவித்தது. அவற்றில் பெரும்பகுதி பினாங்குத் துறைமுகத்திலிருந்து திரும்பியவை. விசைப்பலகையின் எடையில் பெரும்பங்கு பிளாஸ்டிக்தான். சில பலகைகளைக் காப்பாற்றுவதால் அந்த மலை குறையாது என்பது மெய். ஆனாலும் ஒன்றைத் திறந்து சரிசெய்யக் கற்றவர், அடுத்த பொருளை வாங்கும்போது இதைத் திறக்க முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பார். அந்தக் கேள்வி பெருகினால்தான் தயாரிப்பாளர்கள் மாறுவார்கள்.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலோ அலுவலகக் கிடங்கிலோ கனமான பழைய பலகை ஒன்று கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விசைகளை அழுத்திப் பாருங்கள். புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். உங்களுக்கு அதில் ஆர்வம் இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியின் கணினிக் கழகத்துக்குக் கொடுங்கள். மாணவர்கள் திருகாணி கழற்றவும், ஈயம் பற்றவைக்கவும், மென்பொருள் ஏற்றவும் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பயிற்சிக் கருவி கிடைப்பது அரிது.