பையனுக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டு விஷயம் பேசுவது நம் வழக்கம். மகளுக்குப் பிரசவம், மருமகள் முழுகாம இருக்கா என்று யாராவது சொன்னால் போதும். "பையன் பொறந்தா என்ன பேர்?" என்று ஆளுக்கொரு பேர் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். ஆனால் அந்தப் பேரைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்று யாரும் பேசுவதில்லை. பின்னால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டி வருவது இதனால்தான். இந்த மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம். ஆண் குழந்தையை வைத்துச் சொல்கிறோம். பெண் குழந்தைக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

தாத்தா பேர் பேரனுக்கு

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், அடுத்த பையனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர் என்பது பல ஊர்களில் இன்றும் முறை. சில வீடுகளில் குலசாமி பேர் வைப்பார்கள். கருப்பசாமி, முனியாண்டி, அய்யனார், சுடலைமுத்து எல்லாம் இப்படி வந்த பேர்கள்தான். முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பேர் வைப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானத்தின்போது புனிதர் பேர் சூட்டுவது உண்டு.

பெரியவங்க பேரை வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் இரண்டு சிக்கல் வருகிறது.

ஒன்று, மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற பழக்கம். அதனால் பிள்ளைக்குக் கருப்பையா என்று பேர் வைத்துவிட்டு, வீட்டில் 'ராஜா' என்று கூப்பிடுவோம். அங்கன்வாடியில் "பையன் பேர் என்ன?" என்று கேட்டால் வாயில் ராஜாதான் வரும். அதையே எழுதிக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழில் கருப்பையா, மற்ற இடத்தில் ராஜா. ஒரு பிள்ளை, இரண்டு ஆள் ஆகிவிடுவான்.

இன்னொன்று, தாத்தாவும் பேரனும் காகிதத்தில் ஒரே ஆளாகிவிடுவது. தாத்தா மு. கருப்பையா. அவருடைய மகன், தன் தாத்தா பேரைத் தாங்கிய க. முருகன். அந்த முருகனின் மகனுக்கு மறுபடியும் தாத்தா பேர். அவனும் மு. கருப்பையாதான். பட்டாவில் இருப்பது யார், சங்கத்தில் கடன் வாங்கியது யார் என்று பின்னால் நிரூபிக்க வேண்டி வரும். ஆகவே தாத்தா பேரை வைக்க ஆசை இருந்தால், அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து முழுப் பேராகவே பதியலாம். தாத்தா பேரும் இருக்கும், பிள்ளைக்குத் தனி அடையாளமும் இருக்கும்.

பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்து வரும் பிள்ளையைக் குப்பை மேட்டில் உருட்டி எடுத்து, குப்பன், குப்புசாமி, பிச்சை என்று பேர் வைத்தார்கள் நம் முன்னோர். பிள்ளை நிலைக்க வேண்டுமே என்ற தவிப்பு அது. அந்த நேர்த்திக்கடனைக் கோயிலில் செலுத்தலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்யும்போது தாங்குகிறவன் அந்தப் பையன்தான். அதையும் யோசிக்கணும்.

முதல் பேர், நடுப் பேர், கடைசிப் பேர்

சில பாரங்களில் மூன்று கட்டம் போட்டு முதல் பேர், நடுப் பேர், கடைசிப் பேர் என்று கேட்கிறார்கள். நமக்கோ ஒரு பேரும் ஓர் இன்ஷியலும்தான். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று முழிக்கிறோம்.

வட மாநிலங்களில் பெரும்பாலும் பேருக்குப் பின்னால் குடும்பப் பேரோ சாதிப் பேரோ இருக்கும். தமிழ்நாட்டில் முன்பு பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டார்கள். 1929-இல் செங்கல்பட்டில் பெரியாரின் சுயமரியாதை மாநாடு நடந்தது. அதில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பட்டம் போடும் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே குறைந்தது. அது நமக்குப் பெருமைதான். பாரத்தில் கட்டம் இருக்கிறதே என்பதற்காக இல்லாத பட்டத்தைத் தேடிப் போட வேண்டாம்.

ஆனால் பாஸ்போர்ட், பான் அட்டை போன்றவற்றில் இன்ஷியலை ஒற்றை எழுத்தாக விட முடியாது, விரித்து எழுதணும். அப்போது அப்பா பேர் கடைசிப் பேர் கட்டத்துக்குப் போகும். மு. சரவணக்குமார் என்ற பையன் 'சரவணக்குமார் முருகன்' ஆவான். இதுவரை சிக்கல் இல்லை.

'சரவண குமார்' என்று நடுவில் இடம் விட்டு எழுதினால்தான் வம்பு. ஒருவர் சரவணவை முதல் பேராகவும், குமாரை நடுப் பேராகவும் போடுவார். இன்னொருவர் குமாரைக் கடைசிப் பேர் என்பார். மூன்றாமவர் சேர்த்தே எழுதுவார். நமக்கு எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் அதற்கு மூன்றும் வேறு வேறு ஆள். செந்தில்குமார், முத்துக்குமார், அருண்குமார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு சாகும்வரை அது ஒன்றுதான்.

இங்கிலீஷ் எழுத்திலும் கவனம் வேணும். கார்த்திக் என்பதை ஒருவர் 'டி' மட்டும் போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டிஎச்' போடுவார். முகமது என்ற பேரை நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்ட ஆசைப்பட்டால், அதைப் பதியும் முன்பே கூட்டிவிடுங்கள். பத்து வயதில் கூட்டினால் பழைய காகிதம் எல்லாம் பொருந்தாமல் போகும்.

இன்ஷியல் யாருடையது?

அப்பா பேரின் முதல் எழுத்துதான் இன்ஷியல் என்பது நம் பழக்கம். ஆனால் பிறப்புப் பதிவேட்டில் அம்மா பேருக்கும் இடம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் நம் குழுக்களில் பலர் உண்டு. அவர்கள் இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ளணும். திருமணமாகாத தாய் தன் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், தகப்பன் பேரைச் சொல்லும்படி வற்புறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகப்பன் இறந்த பிறகு, இயற்கைக் காப்பாளரான தாய்க்குத்தான் பிள்ளையின் குடும்பப் பேரை முடிவு செய்யும் உரிமை என்று 2022-இல் சொன்னது. "நீ யார் முடிவு பண்ண?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தமிழில் பேரை எழுதும்போது இன்ஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் ஆணை போட்டது. ஆகவே 'எம். சரவணக்குமார்' வேண்டாம், 'மு. சரவணக்குமார்' என்றே எழுதப் பழக்குங்கள்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதியணும். பிறந்த இடத்தில்தான் பதிவு. தலைப்பிரசவம் அம்மா வீட்டு ஊரில் நடந்தால் பதிவும் அங்கேதான், மாமியார் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. கிராமத்தில் வீட்டிலேயே பிறந்துவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் நாம் சொல்லணும்.

2. ஆஸ்பத்திரியில் அப்பா, அம்மா பேர் கேட்கும்போது வாயால் சொல்லாதீர்கள். இரண்டு பேருடைய ஆதாரையும் காட்டுங்கள். தமிழ்ச்செல்வி என்பவரைச் செல்வி என்று எழுதிவிட்டால், மகன் பெரியவனான பிறகும் அந்தத் தப்பு கூடவே வரும்.

3. பேர் முடிவாகவில்லை என்றாலும் பிறப்பைப் பதியலாம். பேரை ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அவசரப்பட்டு ஏதோ ஒரு பேரைக் கொடுக்க வேண்டாம். மறந்துபோய் விட்டுவிடவும் வேண்டாம்.

4. ஒரு தடவை பேர் ஏறிவிட்டால் நினைத்தபோது மாற்ற முடியாது. எழுத்துப் பிழை என்றால் ஆதாரம் காட்டித் திருத்தலாம். பேரையே மாற்றுவது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டி வரும். செலவும் அலைச்சலும் அதிகம்.

5. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் முன்னைவிட முக்கியம். பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் அதுவே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

6. சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழு ஊக்குநரிடம் காட்டுங்கள்.

பெத்தவளையும் கேளுங்கள்

பேர் வைக்கிற நாளில் மாமனார் ஒரு பேர் சொல்வார், நாத்தனார் ஒன்று, சோசியர் ஒன்று. பச்சை உடம்போடு படுத்திருப்பவளை யாரும் கேட்பதில்லை. ஆனால் காகிதத்தில் தப்பு வந்தால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக் கூலியையும் விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸில் நிற்பது பெரும்பாலும் அவள்தான். பத்து மாசம் சுமந்தவளுக்குப் பேரில் ஒரு பங்கு இருக்க வேண்டாமா? நம்மில் பலர் இன்று மாமியார்கள். நம் மாமியார் கேட்கவில்லை என்று அன்று நாம் மனசுக்குள் வருத்தப்பட்டோம். நம் மருமகளை நாம் கேட்போம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். குழுவில் கர்ப்பிணி யார், ஒரு வயசுக்குள் குழந்தை உள்ளவர் யார், பேர் சேர்க்காத சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வருஷம் முடியும் முன் அவர்களை நினைவுபடுத்துவது குழுவின் பொறுப்பு. தவணையை நினைவுபடுத்துகிறோமே, அதுபோல இதையும் செய்வோம்.