உஷார்! கராஜுக்குள் வளரும் ஸ்போர்ட்ஸ் கார்

காரை ஜாக் போட்டுத் தூக்கிவிட்டு, வேறு தாங்கல் எதுவும் கொடுக்காமல் அடியில் படுத்து ஸ்பேனர் பிடிக்கிற ஆளா நீங்கள்? இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் வெளியே வாருங்கள்.

ஹைட்ராலிக் ஜாக் நிற்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீலை நம்பித்தான். அது தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும், ஜாக் இறங்கும். முன்கூட்டிச் சத்தம் போட்டு எச்சரிக்காது. ஜாக் என்பது தூக்க மட்டும். தாங்குவதற்கு ஆக்ஸில் ஸ்டாண்டு வேண்டும். அதுவும் சமமான கான்கிரீட் தரையில், ஜோடியாக, எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருப்பதாகப் பார்த்து. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. அவை வளையாது, நெளியாது, ஒரே நொடியில் நொறுங்கும்.

"பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் கிட் கார் லேசானதுதானே?" என்று ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும். லேசானதுதான். கேட்டர்ஹாம் செவன் 170 வெறும் 440 கிலோ. நெஞ்சின் மேல் இறங்க அது போதாதா? தவிர, நீங்கள் முதலில் படுக்கப்போவது கிட் காரின் அடியில் இல்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றுவதற்காக வாங்கிவந்த பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் அடியில். அது ஏறக்குறைய ஒரு டன்.

வீட்டிலேயே கார் கட்டும் இந்த ஆசை பிரிட்டனில் புதியதல்ல. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-ல் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக விற்றால் கொள்முதல் வரி. பாகங்களாக விற்றால் அந்த வரி இல்லை. அதனால் பெட்டி பெட்டியாக விற்றார்கள், வாங்கியவர்கள் வீட்டில் பாகங்களைப் பூட்டிக் காராக்கினார்கள். 1973-ல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்ததும் அந்த வரிச்சலுகை போயிற்று. அதே ஆண்டு செவனின் உரிமையை கேட்டர்ஹாம் கார்ஸ் வாங்கியது. கேட்டர்ஹாம் என்பது சர்ரேயில் ஓர் ஊர். தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் குரொய்டனிலிருந்து தெற்கே சில மைல்தான். பிறகு 1996-ல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம் வந்தது. 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பல பேரைக் கராஜுக்குள் இழுத்த தலைப்பு அது. டயர், பிரேக், சோதனைக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று கூட்டிப் பாருங்கள். இன்று அந்தத் தொகையில் நான்கு நல்ல டயர் வாங்கவே திணற வேண்டும்.

ஆசைப்படுகிறவர்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. ஷோரூம் காருக்குப் பின்னால் பொறியாளர்களும், மோதல் சோதனையும், ஒவ்வொரு நட்டையும் எண்ணிச் சரிபார்க்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் காரை வாங்கினால் அத்தனை பேரின் வேலையும் உங்கள் தலையில் விழுகிறது. நீங்கள்தான் தயாரிப்பாளர், நீங்கள்தான் ஆய்வாளர். உங்கள் தொழிற்சாலை, அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக்குள் இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். பிரிட்டிஷ் வீடுகள் பலவற்றில் கேஸ் பாய்லர் கராஜ் சுவரில்தான் மாட்டியிருக்கும். பக்கத்தில் ஃப்ரீசர், துணி உலர்த்தும் மெஷின். பழைய காரின் பெட்ரோல் டேங்கை அங்கே இறக்கினால் என்ன ஆகும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது; தரையோடு தரையாகப் படர்ந்து, கதவிடுக்கில் நுழைந்து, நெருப்பைத் தேடிப் போகும். பாய்லர் பற்றிக்கொள்ளும் அந்தக் கணமோ, ஃப்ரீசரின் சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறியோ போதும். உறைபனிக் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகும் என்பதால் "குளிர்காலம்தானே" என்பதும் செல்லாது. பெட்ரோல் வேலை எதுவானாலும் திறந்த வெளியில் செய்யுங்கள். பழைய குண்டு பல்பு கைவிளக்கைத் தூக்கிப் போடுங்கள். அது கைநழுவி உடைந்தால் உள்ளே சிவந்திருக்கும் இழையே தீக்குச்சி. எல்ஈடி விளக்கு இன்று மலிவு.

அதே பழைய காரின் ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியிலும் சிறு வெடிமருந்து உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கையை வைக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கைக் கவிழ்த்து வைக்காதீர்கள். கவிழ்ந்து கிடக்கும்போது வெடித்தால் அந்த இரும்பு மொத்தமும் கூரையை நோக்கிக் கிளம்பும். இடையில் உங்கள் முகம் இருக்கலாம். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் இதே ரகம். அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதன் மேல் நட்டைத் தளர்த்துவது தற்கொலைக்குச் சமம்.

இனி காற்று. இதில்தான் கெட்டிக்காரர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

எஞ்சின் முதல்முறை உயிர்பெறும் நாள் பெரிய சந்தோஷம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி ஸ்டார்ட் செய்வார்கள். கதவு திறந்துதானே இருக்கிறது என்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. இன்னும் சரிசெய்யப்படாத, சூடேறாத எஞ்சின் அதை ஏராளமாகத் துப்பும். ஒரு பக்கக் கதவு திறந்திருப்பது போதாது. காரைத் தள்ளி வெளியே நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கராஜை ஒட்டிய அறையில் அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றையும் மாட்டுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். சேஸியில் வெல்டிங் செய்வதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க பிரேக் கிளீனர் அடிப்பது பலரின் வழக்கம். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. டப்பாவின் பின்புறம் டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற பெயரைத் தேடுங்கள். உலோகத்தில் அது ஈரமாகத் தங்கியிருக்கும்போது வெல்டிங் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். ஆமாம், முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளின் மேல் ஏவிய அதே வாயு. மூச்சில் போனதும் லேசான இருமல்தான் வரும். சரியாகிவிட்டது என்று நினைத்துப் படுத்தால், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும். குளோரின் இல்லாத வகையை வாங்கலாம், ஆனால் அது சுலபமாகத் தீப்பிடிக்கும். முழுக்க உலர்ந்த பிறகே ஆர்க் காட்ட வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை அப்படியே வெல்டிங் செய்தால் அன்றிரவு காய்ச்சல், குளிர் நடுக்கம். பூச்சைச் சுரண்டிவிட்டுச் செய்யுங்கள்.

பெயிண்ட் அடிப்பதையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் 2கே எனப்படும் இருகூறு பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. அதன் புகைமூட்டம் கண்ணுக்குத் தெரியாமலும் காற்றில் தங்கும். கடையில் விற்கும் காகித முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். உடல் ஒருமுறை அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு இரைக்கும். நிறம் கலந்த ஜெல்கோட்டுடனேயே வரும் ஃபைபர் பாடியை வாங்கினால் பெயிண்டே வேண்டியதில்லை. அந்த ஃபைபரை நீங்களே வார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு உஷார்: ரெசினை இறுக வைக்கும் பெராக்சைடு திரவம் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். அதை கோபால்ட் ஆக்சிலரேட்டருடன் நேராகக் கலந்தால் வெடிக்கும்.

உயிரோடும் நுரையீரலோடும் கார் கட்டி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது அது சாலையில் போக வேண்டும். இங்கே என்னை அதிகம் பதறவைப்பது பளபளப்பு மோகம். துருப்பிடிக்காது, அழகாக இருக்கிறது என்று சஸ்பென்ஷனிலும் சீட் பெல்ட்டிலும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், தலையில் 8.8 என்று பொறித்த கறுத்த இரும்பு போல்ட்டைவிட வலிமை குறைந்தது. சீட் பெல்ட்டுக்கென்று 7/16 அங்குல யுஎன்எஃப் மரையில் உறுதிமிக்க போல்ட் தனியாக இருக்கிறது. அதற்குப் பதில் கைக்குக் கிடைத்ததை முறுக்கியவர், பெல்ட்டை அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கார்களில் பெரும்பாலும் ஏர்பேக்கும் கிடையாது, ஏபிஎஸ்ஸும் கிடையாது. மோதினால் உங்களைப் பிடித்து நிறுத்த இருப்பது அந்த பெல்ட் ஒன்றுதான்.

நைலான் வளையம் வைத்த நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது போடுங்கள். பிரேக் பைப்பின் நுனியை விரிக்கும் வேலை சரியாக வரவில்லையென்றால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஃபைபர் பாடியில் மின்சாரம் திரும்பிவர வழி கிடையாது என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். ஒழுங்கான எர்த் இல்லாத இடத்தில் வயர் சூடேறும், உருகும்; பக்கத்தில் பெட்ரோல் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

பணத்தைப் பற்றி. கிட் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் சிறியவை. முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தில்தான் இரும்பே வாங்குவார்கள். பல ஆண்டு பெயர் வாங்கிய வெஸ்ட்ஃபீல்டே 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அப்படி ஒரு நிறுவனம் விழுந்தால் முன்பணம் கட்டியவர் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்பார். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு காப்பு உண்டு: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேரடியாக நிறுவனத்துக்குக் கட்டியிருந்தால், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். பேங்க் டிரான்ஸ்ஃபரில் தள்ளுபடி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தள்ளுபடி எதற்கான விலை என்று யோசியுங்கள்.

பாதியில் நிற்கும் காரை மலிவாக வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்தது, அதன் பதிவு ஆவணம் எங்கே, பாகங்களுக்கு ரசீது உண்டா? இல்லையென்றால் நீங்கள் வாங்குவது திருட்டுப் பொருளாக இருக்கலாம். திருட்டு இல்லாவிட்டாலும் பதிவு செய்யும்போது இடிக்கும். வாகனத்தின் வயதும் மூலமும் உறுதியாகாவிட்டால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண்ணைத் தரும்; விற்கும்போது விலை அங்கேயே சரியும். கட்டத் தொடங்கும் நாளிலிருந்து ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள்.

பதிவுக்கு முன் ஐவிஏ என்ற தனிநபர் வாகனச் சோதனை. 2009-ல், எஸ்விஏ என்ற பழைய சோதனையின் இடத்தில் வந்தது. பிரேக், ஸ்டியரிங், கண்ணாடி, விளக்கு, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். பாதசாரியைக் கிழிக்கக்கூடிய விளிம்பு வெளியே நீட்டியிருந்தால், அதன் வளைவின் ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே ஃபெயில். இதற்காகவே பலர் விளிம்புகளில் ரப்பரை ஒட்டி, தேர்வு முடிந்த மறுநாள் பிய்த்து எறிகிறார்கள். அந்த ரப்பர் யாருடைய காலுக்காக ஒட்டப்பட்டது என்று கொஞ்சம் நினைக்க வேண்டாமா? தேர்வில் பாஸ் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்பதும் தவறு. உங்கள் வெல்டிங் எவ்வளவு ஆழம் பிடித்திருக்கிறது என்று யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு வீல் நட்டிலிருந்து ஸ்டியரிங் இணைப்பு வரை ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள். புதிதாகப் பூட்டிய நட்டுகள் தளரக்கூடும்.

கடைசியாக, கார் கட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கோவையிலும் மதுரையிலும் இரும்புக் குழாய் வெட்டத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கு. பிரிட்டனில் இருப்பது போல வீட்டில் கட்டிய ஒற்றைக் காருக்கான சோதனை வழி இந்தியாவில் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதி, தயாரிப்பாளர் தன் முன்மாதிரியைப் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்பிடம் சோதனைக்குத் தரச் சொல்கிறது. அது கம்பெனிகளுக்கான செலவு. இருக்கிற காரை மாற்றிக்கொள்ளலாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். 2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய பாகங்களைக் கொண்டு சின்ன ஜீப் ஒன்றைச் செய்தது நாடு முழுக்கப் பரவியது. அதைப் பாராட்டிய தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவே, விதிமுறைக்கு ஒத்துவராததால் அதிகாரிகள் அதை ஓடவிட மாட்டார்கள் என்று சொல்லி, அதற்கு மாற்றாக பொலேரோ கார் ஒன்றைத் தந்தார். எல்லோருக்கும் பொலேரோ வராது. கட்டுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், சொந்தத் தோப்புக்குள் ஓட்டுங்கள். கேட்டைத் தாண்டிப் பொதுச்சாலையில் ஓட்ட அதற்கு நம்பர் பிளேட் கிடைக்காது.