கதவைத் திறந்த கமலா அம்மையார்

ஆலையடிவேம்பு முதல் கல்முனை வரை பயறும் கௌப்பியும் அவியாத அடுக்களை இல்லை. நன்றாக அவித்தே உண்ண வேண்டும் என்பது நம் பாட்டிமார் கண்ட வழக்கம். அவ்வழக்கத்தின் பின்னுள்ள விஞ்ஞானத்தை ஆராய்ந்தோருள் ஒருவர் கமலா சோஹொனி அம்மையார். அவர் வரலாற்றை நம் மாணவ மாணவியர் அறிதல் நலம்.

1911ஆம் ஆண்டு இந்தூரிலே பிறந்த கமலாவின் தந்தையும் தந்தையின் சகோதரரும் இரசாயன அறிஞர்கள். 1933இல் பம்பாயில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்துக்கு விண்ணப்பித்தார். அதன் தலைவராயிருந்தவர் நோபல் பரிசு பெற்ற ஸர் சி. வி. இராமன். பெண்களுக்கு இடமில்லை என்று கூறிவிட்டார்!

கமலா கண்ணீர் விட்டு வீடு திரும்பவில்லை. நேரிற் சென்று நியாயம் கேட்டார். இடம் கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளுடன். ஓராண்டு பரீட்சார்த்தமாகவே பயிலவேண்டும். ஆண் மாணவரின் கவனத்தைக் கலைத்தல் ஆகாது. இந்த அவமதிப்பை அவர் பிற்காலத்திலும் மறந்தாரல்லர். எனினும், பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சியாலேயே தம் தகுதியை நிலைநாட்டினார். பின்னர் அந்நிலையத்தின் கதவு ஏனைய பெண்களுக்கும் திறந்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். தாவர உயிரணுக்கள் சுவாசிப்பதற்கு உதவும் 'சைட்டோகுரோம் சி' என்னும் பொருளை உருளைக்கிழங்கு ஆராய்ச்சியின்போது கண்டார். 1939இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வுரை ஏறக்குறைய 40 பக்கங்களே! பிரித்தானியச் சர்வகலாசாலையொன்றில் விஞ்ஞானக் கலாநிதியான முதல் இந்தியப் பெண்மணி என அவரைப் போற்றுவர்.

அங்கேயே தங்கியிராது தாயகம் திரும்பிய அம்மையார், தமிழ்நாட்டின் குன்னூரில் போஷாக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவித் தலைவராகப் பணியாற்றினார். 1947இல் மணம் புரிந்து பம்பாயிற் குடியேறி, அங்குள்ள விஞ்ஞானக் கல்லூரியில் ஆய்வைத் தொடர்ந்தார்.

பச்சைப் பருப்பு வகைகளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வெப்பம் அவற்றின் வலிமையைப் பெரிதும் குறைக்கும். இத்தகைய பொருள்களை அம்மையாரும் அவர் மாணவரும் ஆராய்ந்தனர். புளிக்காத பனஞ்சாறாகிய 'நீரா'வில் உயிர்ச்சத்து 'சி'யும் இரும்புச் சத்தும் இருப்பதைக் காட்டி, வறிய குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நற்பயன் தருவதை எடுத்துரைத்தார். இதற்காக ஜனாதிபதி விருதும் பெற்றார்.

1998இல் அம்மையார் மறைந்தார். ஏழையின் உணவுத் தட்டையே தம் ஆராய்ச்சிப் பொருளாக்கிய அவரை, பெண் என்ற காரணத்தால் அன்று திருப்பியனுப்பியிருந்தால் நட்டம் யாருக்கு? நம் வீட்டுப் பெண்மக்கள் விஞ்ஞானம் பயில விரும்பும்போது, பெற்றோராகிய நாம் இக்கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.